பன்னிரண்டைப் பதினேழாக்கிய நோட்டு

பன்னிரண்டு. அதுதான் எங்கள் வண்டி கொடுத்தது. ஒரு லிட்டர் பெட்ரோலைக் குடித்துவிட்டு, இரும்புலியூர் நெரிசலில் முக்கி முனகிப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும். அதற்கு மேல் ஓடாது. நோட்டில் நான் எழுதியது பதினேழு. எழுதியவள் நான்தான். வேறு யார் மேலும் இந்தப் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. போட்டுப் பார்த்தும் ஒட்டவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் சோறு பொங்கிவிடும். ஆனால் எண் எனக்குத் தப்பாது. முப்பது வருஷம் பால் ஊற்றியவள். எந்த வீட்டுக்கு அரை லிட்டர், எந்த வீட்டுக்கு முக்கால், யார் வீட்டில் விருந்தாளி, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எல்லாம் மண்டையிலேயே இருக்கும். ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் எனக்கு வாடிக்கை. காலனிக்காரர்கள் என் பாலைக் காய்ச்சி, ஆடை எடுத்துப் பார்த்துவிட்டு, "உன் பால்ல மட்டும் தண்ணி இல்லைம்மா" என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் மழையிலும் இடுப்பு வலியிலும் கேனைத் தூக்கினேன். அதை நான் யாருக்கும் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்புறம் ரோட்டை அகலம் பண்ணினார்கள். ரோட்டில் மாடு நின்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எட்டு எருமையையும் விற்றேன். அதற்காக நான் அழவில்லை. சாணியில் வாழ்ந்தவளுக்குச் சாணி போனதில் என்ன அழுகை? என் பெண் அதற்குள் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்விட்டாள். வெளிநாட்டு கார் கம்பெனி. கம்பெனி பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அவளுக்கு வேலை, வண்டிக்குக் கதவு மாட்டுவது. வண்டி லைனில் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும், நிற்காது. அது தன்னைத் தாண்டுவதற்குள் மாட்டி, முடுக்கி, மூடிப் பார்த்துவிட வேண்டும். அவள் அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். இருந்திருந்தால், ஒரு பெண் பிள்ளை நாளைக்கு நூற்றுக்கணக்கில் கார் கதவு மாட்டுகிறாள் என்பதை நம்பியிருக்க மாட்டார். பர்மனென்ட் ஆன அன்றைக்கு அடையாள அட்டையைக் கொண்டுவந்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள். அன்று பூரா அதைக் கழற்றாமல் தெருவில் நடந்தேன்.

கம்பெனி வேலைக்காரர்களுக்கு வண்டி விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தது. கடன் போட்டு ஒன்றை எடுத்தாள். சாம்பல் நிறம். கனமான வண்டி. எங்கள் சந்தில் அது திரும்புவதற்கு மூன்று தடவை முன்னே பின்னே போக வேண்டும்.

எதிர் வீட்டு மாடியில் ஒரு சார் இருக்கிறார். பேங்க்கில் பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். இருபது வருஷம் என் பாலில் காப்பி குடித்தவர். வண்டி வந்த அன்றைக்குக் கீழே இறங்கி வந்தார். சுற்றிப் பார்த்தார். டயரைக் காலால் தட்டினார்.

"என்ன பால்காரம்மா, புது வண்டியா? பெரிசா இருக்கே."

"எம் பொண்ணு லைன்ல வந்த வண்டி சார். இந்தக் கதவ அவதான் மாட்டுனா" என்றேன். அவள் மாட்டிய கதவா, பக்கத்தில் நின்றவள் மாட்டிய கதவா, யாருக்குத் தெரியும். எனக்கு அவள் மாட்டியதுதான்.

அவர் கதவைத் திறந்து மூடினார். தொப்பென்று மூடியது. "கதவு நல்லா கனமாத்தான் இருக்கு. மைலேஜ் எவ்வளவு குடுக்குது?"

எனக்குத் தெரியாது. "நல்லா குடுக்கும் சார்" என்றேன்.

"நல்லான்னா எவ்வளவு? என்னோடது இருபத்திரண்டு குடுக்குது. ஹைவேயில விட்டா இருபத்து நாலு. நம்ம நாட்டுக் கம்பெனிம்மா. நம்ம ஆளுக்கு என்ன வேணும்னு அவனுக்குத் தெரியும். இவனுங்க அங்க விக்காததக் கொண்டாந்து நம்ம தலையில கட்டறானுங்க."

"உங்க வண்டிக் கதவ மூடுனா தகர டப்பா மூடுறா மாரி கீது சார்."

"தகரமா இருந்தா என்ன, பெட்ரோல் குடிக்கலையே" என்று சிரித்தார். அவர் மனைவியும் மாடியிலிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே வந்து என் பெண்ணிடம், "எவ்ளோடி குடுக்கும்?" என்று கேட்டேன். "கம்பெனி பேப்பர்ல பத்தொம்போது போட்டுகீது" என்றாள். பத்தொன்பதை மனசில் வைத்துக்கொண்டேன். அவருடையது இருபத்திரண்டு. மூன்றுதான் வித்தியாசம். அந்தக் கதவுக்கு மூன்று போனால் போகட்டும்.

இது நடந்து கொஞ்ச நாளில் அவள் சோறு சாப்பிடும்போது ஒரு மாதிரி இருந்தாள். என்னடி என்றேன்.

"சர்க்காரு சட்டம் ஒண்ணு இறுகுதும்மா. பெட்ரோல் விசயமா. ஒவ்வொரு வண்டியா பாக்க மாட்டாங்க. ஒரு வருசத்துல ஒரு கம்பெனி வித்த அத்தினி வண்டியும் சேத்து, சராசரியா எவ்ளோ குடிக்குதுன்னு பாப்பாங்க. அதுக்கு ஒரு அளவு வச்சுகீறாங்க. தாண்டுனா ஃபைன்."

நான் உடனே புரிந்துகொண்டேன். இதைச் சொன்னால் பெருமை என்று நினைப்பார்கள். பெருமைதான். "இது நம்ம சொசைட்டி கேன் கணக்குடி" என்றேன். பால் சொசைட்டியில் மாடு மாடாகப் பால் பார்க்க மாட்டார்கள். கேனில் மொத்தமாக ஊற்றியிருப்பதில் கொஞ்சம் எடுத்து, எவ்வளவு கெட்டி என்று டிகிரி பார்ப்பார்கள். நாலைந்து மாடு வைத்திருப்பவன், நீர்த்த பசும்பாலோடு கெட்டியான எருமைப் பாலைக் கலந்து ஊற்றி டிகிரியைத் தூக்கிவிடுவான். ஒரே ஒரு மாடு வைத்திருப்பவள் பாடுதான் கஷ்டம். கலக்க ஒன்றும் கிடையாது.

அவள் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தாள். "எங்க இன்ஜினியர் போர்டு பூரா எழுதி ரெண்டு மணி நேரம் சொன்னாரும்மா. நீ ஒரு கேன்ல முடிச்சிட்ட."

"அப்ப உங்க கேன்ல இன்னா கீது?"

"மூணு மாடல். மூணும் கனம். நாட்டுக் கம்பெனிக்காரன்கிட்ட சின்ன வண்டி நெறைய கீது. எதிர் வூட்டு சார் வச்சிருக்காரே அந்த மாரி. அத நெறைய வித்து, பெரிய வண்டியையும் அதுல கலந்துக்குவான். நாங்க கலக்க ஒண்ணுமில்ல. சின்னதா புது இன்ஜின் ஒண்ணு வந்தாத்தான் உண்டு."

"வருமா?"

"அவங்க ஊர்ல முடிவு பண்ணணும். வந்தா லைன் ஓடும்."

வராவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அந்த வேலையைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து இரண்டே வருஷத்தில் அவளே திரும்பி வந்துவிட்டாள். அதைப் பற்றி ஊர் பேசியதற்கெல்லாம் அந்த யூனிஃபார்ம்தான் பதில் சொன்னது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த வேலை போனால் அந்த வாயெல்லாம் திறக்கும். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

அடுத்த மாசம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று கொண்டுவந்தாள். கம்பெனி வண்டி வைத்திருக்கிற வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்களாம். மூன்று மாசம் எழுத வேண்டும். ஒரே பங்க்கில் போட வேண்டும். தானாக நிற்கிற வரைக்கும் டேங்க்கை நிரப்ப வேண்டும். போன தடவை நிரப்பியதிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இப்போது எத்தனை லிட்டர் பிடித்தது, இரண்டே எண். பில் கூட வேண்டாமாம். உங்கள் கையால் எழுதினால் போதும், உங்களை நம்புகிறோம் என்று வெளிநாட்டு அதிகாரி சொல்லியிருக்கிறார்.

"எதுக்குடி இது?"

"தெரியலம்மா. கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. உள்ளத எழுதுங்கன்னு மட்டும் சொன்னாங்க."

"நான் எழுதறேன்."

"நீயா?"

"ஏன், எண்ணுதான? எனக்குத் தெரியாத எண்ணா?"

கொடுத்தாள். என் ஆயுசில் ஒரு கம்பெனி என்னிடம் எழுத்து வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. பழைய நாள்காட்டித் தாளை ஒட்டி அட்டைக்கு உறை போட்டேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

வண்டி நிறைய ஓடியது ஞாயிற்றுக்கிழமைதான். என் தங்கை பெரும்பாக்கத்தில் அரசாங்கம் கொடுத்த அடுக்கு வீட்டில் இருக்கிறாள். கூவம் ஓரத்திலிருந்து அவர்களைக் கொண்டுவந்து அங்கே போட்டார்கள். அவளைப் பார்க்கப் போவோம். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி, மேடவாக்கம் தாண்டி. வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். நின்றாலும் அது குடித்துக்கொண்டுதான் இருக்கும். பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

டேங்க்கை நிரப்பி ஓட்டிய பிறகு முதல் தடவை பங்க்கில் நின்றபோது, பெட்ரோல் போடுகிற பெண், "அம்மா, ஜீரோ பாத்துக்கோங்க" என்றாள். பார்த்தேன். எண் சுற்றிக்கொண்டே போனது. இருபத்தைந்து லிட்டர் பிடித்தது. வண்டி ஓடியது முன்னூறு கிலோமீட்டர். நான் மனசுக்குள்ளேயே வகுத்துவிட்டேன். பன்னிரண்டு.

என் பெண் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது எங்கே, பன்னிரண்டு எங்கே. எதிர் வீட்டு சாரின் இருபத்திரண்டு எங்கே. இதை எழுதிக் கொடுத்தால் அந்த வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான்? உன் வண்டி இங்கே தேறவில்லை, மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேர் என்று நானே என் கையால் எழுதிக் கொடுப்பது போல ஆகாதா? என் பெண் கட்டிய வண்டிக்கு நானே ஃபெயில் மார்க் போடுவதா? பரீட்சைப் பேப்பர் என்றே அதை நினைத்தேன். நல்ல மார்க் வந்தால் மேலிடம் சந்தோஷப்படும், புது இன்ஜினைக் கொடுக்கும், லைன் ஓடும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

முன்னூறை முன்னூறு என்றே எழுதினேன். இருபத்தைந்தைப் பதினெட்டு என்று எழுதினேன். ஒரே மூச்சில் எழுதினேன். அதைத்தான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். ஸ்கேல் கோட்டுக்குள் அழகாக உட்கார்ந்தது அந்த எண்.

பத்தொன்பது என்று வரும்படி எழுதியிருக்கலாம். அவ்வளவு முட்டாள் இல்லை நான். பதினேழு என்றால் நம்புவார்கள். ஒரு தடவை பதினாறு, ஒரு தடவை பதினேழரை என்று கூட்டிக் குறைத்துப் போட்டேன். பொய்யைக் கூட நான் அளந்துதான் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது அவள் எட்டிப் பார்த்தாள். பங்க்கில் அவளும் வண்டிக்குள் இருந்தாள்.

"இன்னாக்கா, இருவத்தி மூணு லிட்டருன்னு மிசின்ல காமிச்சுது, நீ பதினேழுன்னு எழுதிகினு கீற?"

"சும்மா கெட."

"பால்ல ஒரு சொட்டு ஊத்த மாட்ட. பெட்ரோல்ல மட்டும் குண்டான் குண்டானா ஊத்தறியே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த என் பெண், "இன்னா சித்தி, இன்னா சிரிப்பு?" என்றாள். "ஒண்ணுமில்லடி, ஒங்கம்மா கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம் பாக்கறா" என்றாள் தங்கை.

என் பெண் அந்த மூன்று மாசத்தில் ஒரு நாள் கூட நோட்டைத் திறந்து பார்க்கவில்லை. வண்டி ஓட்டுகிறவளுக்கு முள் இறங்குவது தெரியாதா? தெரியும். ஆனால் நான் எழுதினால் அது சரியாக இருக்கும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள். சரி பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

நோட்டு கொடுக்கிற நாளில் கம்பெனியில் குடும்பத்தையும் கூப்பிட்டார்கள். பந்தல் போட்டுக் கேசரி கொடுத்தார்கள். கம்பெனியைச் சுற்றிக் காட்டினார்கள். ஓர் அறையில் ஒரு வண்டியை உருளை மேல் ஏற்றி வைத்து ஓட்டினார்கள். சக்கரம் அந்தச் சுற்று சுற்றுகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, சிக்னல் இல்லை, மாடு இல்லை. பேப்பரில் போட்டிருக்கிற பத்தொன்பது இங்கேதான் வந்தது என்றாள் என் பெண். எனக்குச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் செய்வது ஞாபகம் வந்தது. விற்கப் போகிற மாட்டை முதல் நாள் கறக்காமல் மடி கட்டி விட்டு, மறுநாள் வாங்குகிறவன் எதிரில் கறந்து காட்டுவார்கள். பெரிய மனுஷர்களே இப்படிச் செய்யும்போது நான் செய்தது பெரிய குற்றமா என்று ஒரு தைரியம் வந்தது.

நோட்டு வாங்குகிற மேஜையில் அந்த வெளிநாட்டு அதிகாரி நின்றார். என் நோட்டைப் புரட்டினார். பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார்.

"எழுத்து ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொல்றாரும்மா" என்றார் அவர். "வண்டி எப்படி இருக்குன்னு கேக்கறார்."

"எங்க தெருவே ஆசைப்படுது, நல்லா குடுக்குதுன்னு சொல்லுங்க" என்றேன்.

கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். கேசரியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"புது இன்ஜின் இல்லன்னுட்டாங்கம்மா."

"ஏன்டி?"

அப்போதுதான் சொன்னாள். அன்றைக்குத்தான் அவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். இங்கே இருக்கிற இன்ஜினியர்கள் ரொம்ப நாளாக மேலிடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். இந்த இன்ஜின் இந்த ஊர் நெரிசலுக்கு ஆகாது, குடித்துத் தீர்க்கிறது, அதனால்தான் ஜனங்கள் நாட்டுக் கம்பெனிக்கு ஓடுகிறார்கள், சட்டமும் இறுகப் போகிறது, சின்ன இன்ஜினைக் கொடுங்கள் என்று. அங்கே இருப்பவர்கள் நம்பவில்லை. உருளை மேல் நன்றாகத்தானே ஓடுகிறது, ரோட்டில் மோசம் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். அந்தச் சாட்சிதான் நோட்டு. எதற்கென்று சொன்னால் எல்லோரும் வேண்டுமென்றே மைலேஜைக் குறைத்து எழுதிவிடுவார்கள் என்று பயந்து, சொல்லாமல் கொடுத்திருக்கிறார்கள்.

"எல்லா நோட்டுலயும் பதினஞ்சு, பதினாறு, பதினேழு. ஒரு நோட்டுல கூட பதினாலுக்குக் கீழ இல்ல. வண்டி நல்லாத்தான குடுக்குது, அப்புறம் எதுக்குப் புது இன்ஜின்னு கேட்டுட்டாங்களாம். எங்க இன்ஜினியர் மூஞ்சிய பாக்க முடியல."

நான் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை. பற்ற வைத்துவிட்டு நின்றேன்.

"ம்மா. நம்ம நோட்டுல எவ்ளோ?"

"பதினேழு."

"வண்டி எவ்ளோ குடுத்துது?"

"பன்னெண்டு" என்றேன்.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. "எல்லா வூட்லயும் இதேதான் செஞ்சிகீறாங்க. எங்க லைன்ல இருக்கறவன் பொண்டாட்டி, கம்பெனி மானம் போயிடக் கூடாதுன்னு நாலு லிட்டர் கொறச்சு எழுதினாளாம். இன்னொருத்தன் அப்பன், சம்பளம் குடுக்கற கம்பெனிய இன்னான்னு கொற சொல்றதுன்னு அஞ்சு லிட்டர். நீ ஏழு. ஒருத்தர் கூடவாம்மா உள்ளத எழுதல?"

"நீ ஏன்டி எனக்கு எதுக்குன்னு சொல்லல?"

"எனக்கே தெரியாதே. உள்ளத எழுதுன்னுதான சொன்னேன். அதுக்குக் காரணம் வேற வேணுமா உனக்கு?"

நான் அடுப்பை அணைத்தேன். முப்பது வருஷம் உள்ளதை அளந்து ஊற்றியவளிடம் பெற்ற பெண் இதைக் கேட்டாள். அதற்கப்புறம் எட்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷத்தில் கம்பெனி மூடியது. ஒரே நாளில் இல்லை. முதலில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் என்றார்கள். மூடக் கூடாது என்று கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு வேலைக்காரர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வெயிலில் கறுத்து வீடு வருவாள். கடைசி வண்டி லைனில் வந்தபோது மாலை போட்டார்களாம். கதவை மாட்டும்போது கை ஓடவில்லை, வண்டி தாண்டிப் போய்விட்டது, முதல் தடவையாக லைனை நிறுத்தி அவளுக்காகக் காத்திருந்தார்கள் என்று சொன்னாள். இனிமேல் என்ன அவசரம்?

எதிர் வீட்டு சார் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுக் கீழே வந்தார். "நான் அப்பவே சொன்னேன்லம்மா. நம்ம ஊர்ல மைலேஜ் இல்லாம ஒருத்தனும் நிக்க முடியாது." அவர் மனைவி மாடியிலிருந்து, "நீங்க சும்மா வாங்க, நம்ம வண்டி மட்டும் என்ன குடுக்குதாம், பதினாறு தாண்டலைன்னு நீங்கதானே புலம்பறீங்க" என்றாள். மனுஷன் மேலே பார்க்காமல் உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆக, அந்த இருபத்திரண்டும் அவர் ஊற்றிய தண்ணீர்தான். அதைப் பார்த்துத்தான் நான் என் நோட்டில் ஊற்றினேன்.

மூடி ஒரு வருஷம் போன பிறகு, அவளோடு வேலை பார்த்த சூப்பர்வைசர் ஒருவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். காப்பி கொடுத்தேன். பேச்சு அங்கே சுற்றி இங்கே சுற்றி நோட்டில் வந்து நின்றது. நான்தான் கொண்டுவந்தேன்.

"அந்த நோட்டுல உள்ளத எழுதியிருந்தா கம்பெனி நின்னிருக்கும்ல தம்பி?"

"அட நீங்க வேறம்மா" என்றார். "நோட்டு குடுக்கறதுக்கு முன்னாடியே அங்க முடிவு பண்ணிட்டாங்கன்னு பேச்சு. லாபம் கம்மி, இனிமே இங்க காசு போட வேண்டாம்னு. நோட்டெல்லாம் சும்மா ஒரு கண்துடைப்பு. நீங்க பன்னெண்டு எழுதுனா என்ன, இருவது எழுதுனா என்ன. யாரு பாத்தா?"

ஆறுதலுக்குத்தான் சொன்னார். நல்ல மனுஷன். என் பெண்ணும், "பாத்தியா, நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள். அன்றைக்கு அவள் முகம் எனக்காக இளகியது. எனக்கு மட்டும் இளகவில்லை. என் பொய்யால் ஒரு கம்பெனி போனது என்று இத்தனை நாள் நெஞ்சில் கல்லைச் சுமந்தேன். இப்போது வந்து, அந்தக் கல்லுக்கும் எடை இல்லை என்கிறார்கள். உள்ளதை எழுதியிருந்தாலும் இதேதான் நடந்திருக்குமாம். அப்படியென்றால் எதற்கு எங்களிடம் நோட்டைக் கொடுத்தார்கள்? எதற்கு அந்த வெளிநாட்டு அதிகாரி என் எழுத்தைப் பார்த்துச் சுத்தம் என்றார்? சூப்பர்வைசர் சொன்னதாவது உண்மையா என்பதும் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதும் பேச்சுதானே. எது நிஜம் என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியப் போவதில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிவது ஒன்றுதான். மிஷின் இருபத்தைந்து காட்டியது, நான் பதினெட்டு எழுதினேன்.

இப்போது அவள் நாட்டுக் கம்பெனியில் இருக்கிறாள். இன்டர்வியூவில், உங்கள் கம்பெனி ஏன் மூடியது என்று கேட்டார்களாம். "மைலேஜ் பத்தல சார்" என்று சொன்னாளாம். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். நம்ம நாட்டுக் கம்பெனி, இனிமேல் அசைக்க முடியாது என்று நான்தான் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன். ஆனால் கான்ட்ராக்ட். ஒரு வேலைக்காரி வருஷக்கணக்கில் தொடர்ந்து இருந்தால் பர்மனென்ட் கேட்பாளாம். அதனால் சில மாசத்துக்கு ஒரு தடவை, பதினைந்து நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிடுவார்கள். அப்புறம் புதிதாகச் சேர்வதுபோலச் சேர வேண்டும். போட்டோ, கையெழுத்து, புது அட்டை. பன்னிரண்டு வருஷம் கதவு மாட்டியவளுக்குக் கதவு மாட்டுவது எப்படி என்று மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

அன்றைக்கு டிவியில், மறுபடி இறுகப் போகிற அந்தப் பெட்ரோல் சட்டத்தில் சின்ன வண்டிக்குச் சலுகை வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்கிறது, கூடாது என்று இன்னொரு கம்பெனி சொல்கிறது என்று ஓடியது. நாடு, ஜனங்கள், ஏழை என்று எல்லாம் பேசினார்கள். என் பெண் சேனலை மாற்றிவிட்டாள்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிற பதினைந்து நாளில் இது பன்னிரண்டாவது நாள். போன தடவை பத்தாம் நாளே போன் வந்தது. இந்தத் தடவை இன்னும் வரவில்லை. துணி மடிக்கும்போதும் போனை எட்டுகிற தூரத்தில் வைத்திருக்கிறாள். யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். மத்தியானம் சாப்பிடும்போது, "கூப்பிடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். நிச்சயம் கூப்பிடுவாங்கடி, உன்ன விட்டா அவங்களுக்கு யாரு கீறாங்க என்று வாய் வரைக்கும் வந்தது. முன்பெல்லாம் சொல்லியிருப்பேன்.

"தெரியலடி" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள்.